கடலை ரசிக்க வேண்டியவர்கள்

சர்க்கார் கொடுத்த சிவப்புக் குடையைக் கிளாரா விரித்துப் பார்க்கவே இல்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் சாத்திவைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கார் ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் அவளுக்குப் புரியும். மணப்பாட்டிலிருந்து மெட்ராஸ் போய்க் கப்பலேறி அந்தமானுக்கு வந்த இத்தனை வருஷத்தில் அது பழகிப்போயிருந்தது. சர்க்கார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புரியவில்லை.

"விரிச்சுத்தான் பாரேன். உள்ள பாம்பா இருக்கு?" என்றான் அவள் கணவன் மிக்கேல்.

"பாம்புன்னா அடிச்சிரலாம். எதுக்குக் குடுத்தானுவன்னு தெரியாம எப்படி விரிக்க?"

எதற்குக் கொடுத்தார்கள் என்று அவளிடம் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். சொன்ன காரணம் அவளுக்குக் காரணமாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

போர்ட் பிளேருக்குச் சற்று வெளியே, பவளப்பாறை நடுவில் ஒரு வாசல் விட்டிருக்கிற சின்ன விரிகுடா அது. படகு உள்ளே வர அந்த ஒரு வழிதான். வேறு எந்தப் பக்கம் கரையேறினாலும் பாறை பலகையைக் கிழித்துவிடும். அதனால்தான் மீன்பிடிக்கிற குடும்பங்கள் அங்கே குடிசை போட்டுக்கொண்டன. பல வருஷம் அந்த இடத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மெட்ராஸிலிருந்து சிறப்பு அதிகாரியாகச் சொக்கலிங்கம் வந்தார். வரும்போது ஒரு காலண்டர் படமும் கொண்டுவந்தார்.

மெக்ஸிகோ என்ற தேசத்தில், பணக்காரர்கள் படகு நிறுத்துகிற ஒரு கடற்கரை வட்டாரத்தின் படம். வெள்ளைக் கட்டடங்கள், நீலக் கடல், கடலோரம் ஒரு பெஞ்சு, பெஞ்சில் சிவப்புக் குடை பிடித்த பெண், தூரத்தில் ஒரே ஒரு வெள்ளைப் படகு. சொக்கலிங்கம் மெக்ஸிகோவுக்குப் போனதில்லை. போய்வந்த யாரையும் பார்த்ததும் இல்லை. அதனால் அந்த ஊரைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

படத்தில் இல்லாத எதுவும் விரிகுடாவில் இருக்கக் கூடாது என்பது அவருடைய முதல் உத்தரவு. குடிசைகள் படத்தில் இல்லை; மேட்டுக்கு அந்தப்புறம் போயின. கருவாட்டுப் பரண் படத்தில் இல்லை, அதுவும் போயிற்று. கட்டடங்கள் எழும்பி, வெள்ளையடிக்கப்பட்டு, வேலி போடப்பட்டு, 'சாகர் விகார்' என்று பலகை வைக்கப்பட்டது. படத்தில் ஒரு படகுதான் இருந்தது. ஆகவே மற்றப் படகுகளெல்லாம் கண்டல்காட்டு ஓடைக்கு விரட்டப்பட்டன. அங்கே தண்ணீர் வற்றினால் சேற்றில் குந்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். மிக்கேலின் படகை மட்டும் சர்க்கார் பிடித்துவைத்துக்கொண்டது. நல்ல நீளமும் நேரான பாய்மரமும் இருந்ததே அது செய்த குற்றம். அதற்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, படித்துறையில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

படகைக் கேட்கக் கிளாரா போனபோது சொக்கலிங்கம் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

"பாருங்கம்மா, உங்க படகை நாங்க எடுத்துக்கலை. எங்க பாதுகாப்பில இருக்கு."

"யாருகிட்டேருந்து பாதுகாப்பு சார்?"

"உங்ககிட்டேருந்துதான். குடுத்தா மீன் பிடிக்கக் கொண்டுபோயிடுவீங்க இல்ல?" என்றார் அவர், மிகவும் அன்பாக. "டெல்லியிலேருந்து ஒரு கமிட்டி வருது. அவங்களுக்குத் திருப்தின்னா உங்க படகு உங்களுக்கு. இந்த வட்டாரம் திறந்து ஒரு வருஷம் ஆச்சும்மா. எல்லாம் இருக்கு. பார்க்க வர்றவங்க மட்டும் இல்லை. அது ஒரு சின்னக் குறை."

"மேட்டுல நாங்க அத்தன பேரும் இருக்கமே சார்."

"நீங்க உள்ளூர் ஜனம். உள்ளூர் ஜனம் வந்தா அது நடமாட்டம். வெளியூர் ஜனம் வந்தாத்தான் வருகை."

"அப்ப நா எப்படி வர முடியும்?"

சொக்கலிங்கம் மேஜைக்கடியிலிருந்து சிவப்புக் குடையை எடுத்து நீட்டினார்.

"அதுக்குத்தாம்மா குடை."

கமிட்டி முன்னால் வெளியூர்க்காரியாக உட்கார வேண்டும்; அந்த ஒத்திகைக்கு அவள் முதன்முதலாகப் போனபோது, வாசலில் காவலாளி ஹரிபதா அவள் கையைப் பிடித்து மோந்து பார்த்தான். வட்டாரத்துக்குள் மீன் வாசனை நுழையக் கூடாது. நுழைகிற ஒவ்வொருவர் கையையும் மோந்து பார்ப்பது அவன் உத்தியோகம். ஹரிபதா கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவன். மீன் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காது. புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துக் கழுவிய கிளாராவின் உள்ளங்கையில் அவன் மூக்கு வெகுநேரம் நின்றது.

"தீதீ," என்றான், கண்ணை மூடிக்கொண்டே. "பாங்டா?"

அவள் ஊரில் அயிலை என்பதை இங்கே எல்லாரும் பாங்டா என்றுதான் சொன்னார்கள். ஓடையில் கிடந்த பக்கத்து வீட்டுப் படகு கொண்டுவந்ததை முந்தின நாள் அவள்தான் அறுத்திருந்தாள்.

"இல்ல தாதா. சோப்பு."

"சோப்பா..." ஹரிபதா இன்னொரு முறை ஆழமாக இழுத்தான். "எங்க வீட்ல இதே சோப்பைக் கடுகு அரைச்சு வைப்பாங்க. ஜாவ், ஜாவ்." பெருமூச்சுடன் உள்ளே விட்டான். மறுநாள் வேறு சோப்புப் போட்டு வரச் சொன்னான்.

உள்ளே படாக் மரத்தில் செய்த பெஞ்சு. அதில் அவளை உட்காரவைத்து, குடையைத் தோளில் சாய்த்து, முகவாயைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, சொக்கலிங்கம் பத்தடி தள்ளிப்போய்க் காலண்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடலைப் பாருங்கம்மா."

கிளாரா பார்த்தாள். தானாகவே வலது கை புருவத்துக்கு மேலே போயிற்று. கண் இடுங்கி, பாறைவாசலில் தொடங்கி வடக்கே துழாவிப்போய், திரும்பி, மறுபடி வாசலுக்கு வந்து நின்றது.

"என்னம்மா பண்றீங்க?"

"கடலப் பாக்கேன் சார்."

"இது பார்க்கிறதில்லை. தேடுறது." அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "தேடாதீங்கம்மா. ரசியுங்க."

அவள் கையை இறக்கினாள். புன்னகை வரவழைத்தாள். கண் மட்டும் மறுபடி வாசலுக்கே போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து மிக்கேலுக்காக, அதற்கு முன்னால் அப்பாவுக்காக, கடலை அவள் வேறு விதமாகப் பார்த்ததே கிடையாது. அங்கே தன் ஆள் இருக்கிறானா, எந்தப் பக்கம் இருக்கிறான், வானம் என்ன சொல்கிறது என்பதற்குத்தான் கடல். தன் ஆள் யாரும் இல்லாத கடல் என்று ஒன்றைக் கற்பனை செய்து பார்த்தாள். நெஞ்சு திக்கென்றது. சொக்கலிங்கம் உடனே, "ஆ! கிட்ட வந்துட்டீங்க. அப்படியே இருங்க!" என்று கூவினார்.

இந்த மனிதர்கள் ரசிப்பது என்று சொல்வது இதைத்தானா என்று அவளுக்கு அன்று முழுவதும் குழப்பமாக இருந்தது.

வீட்டில் கண்ணாடி முன்னால் பழகிப் பார்த்தாள். மிக்கேல் வாசலில் நின்று கவனித்தான்.

"யாரப் பாத்து இளிக்க?"

"யாரையும் பாக்காமச் சிரிக்கணுமாம். சர்க்கார் உத்தரவு."

"எனக்கு இது சரியாப் படல கிளாரா."

"எனக்கு மட்டும் படுதாக்கும்? படகு வேணுமா, வேண்டாமா?"

அவன் வெளியே இறங்கிப் போனான். அவனுக்கு அவள் மேலே சந்தேகம். அவளுக்குத் தன் முகத்தின் மேலேயே. கண்ணாடியில் தெரிந்த பெண் கேட்டால் அவள் கடன்கூடக் கொடுத்திருக்க மாட்டாள்.

பெஞ்சுகளில் மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். பி.டபிள்யூ.டி. கிளார்க்கின் மனைவி ருக்கு, கறுப்புக் கண்ணாடி மாட்டி 'பம்பாய்ச் சீமாட்டி' ஆக்கப்பட்டாள். வெளிநாட்டார் இல்லாமல் கமிட்டி ஒப்பாது என்று, மாயாபந்தரிலிருந்து சா பீட்டர் என்ற கரேன் சாதி வாலிபனைக் கூட்டிவந்து 'ஜப்பானிய சுற்றுலாப் பயணி' என்று அறிவித்தார்கள். பர்மாவிலிருந்து அவனுடைய தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம். வீட்டுக்குக் கூரை போட மரம் வெட்ட அனுமதி கேட்டு வந்தவனை அப்படியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள்.

இதில் ஒரு சிறு தடங்கல் நேர்ந்தது. தோட்டவேலை பார்த்த கரீம் பாபா இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த கிழவர். யுத்த காலத்தில் ஜப்பான் பட்டாளம் இங்கே நடத்திய ராஜ்யத்தைக் கண்ணால் கண்டவர். காலையில் பூவாளியோடு வந்தவரிடம் யாரோ, "பாபா, ஜப்பான்காரன் வந்துட்டான்" என்றார்கள். பூவாளி மட்டும்தான் மிஞ்சியது. கிழவர் காட்டுக்குள் ஓடிவிட்டார். சா பீட்டரே பின்னால் தேடிப்போய், "பாபா, நான் கரேன் பையன், வாங்க" என்று இந்தியில் கத்தியிருக்கிறான். அவர்களும் அன்றைக்கு இப்படித்தான் நல்ல மாதிரியாகக் கூப்பிட்டார்கள் என்று பதில் வந்ததாம்.

"அவர் சந்தேகப்பட்டது தப்பில்ல," என்றாள் கிளாரா.

"நானே சந்தேகப்படுறேன் தீதீ," என்றான் சா பீட்டர். "காலையில கண்ணாடியில பார்த்தா எனக்கே ஜப்பான்காரன் மாதிரி தெரியுது."

கமிட்டி வருகிற நாள், கார்த்திகை மாதத்தில் ஒரு பகல். காலண்டர்ப்படி கடலில் ஒரு வெள்ளைப் படகு போக வேண்டும். அதனால் சங்கிலியை அவிழ்த்து, மிக்கேலை அவன் படகிலேயே ஏற்றினார்கள். வலை கூடாது, தூண்டில் கூடாது. பாறைக்கு வெளியே போய் வடக்கும் தெற்குமாக நடமாட வேண்டும். படித்துறைக் கம்பத்தில் வெள்ளைக் கொடி பறக்கிற வரை உள்ளே வரக் கூடாது. கொடி இறங்கியதும் வரலாம், படகும் அவனுக்கே. கொடி இறங்குமுன் வந்தால் படகு சர்க்காருக்கு.

"சரிதானே?" என்றார் சொக்கலிங்கம்.

"சரி சார்," என்றான் மிக்கேல். கிளாராவைத் திரும்பிப் பார்க்காமலே பாயை ஏற்றினான்.

கமிட்டி மத்தியானம் வந்தது. தலைவர் உயரமான, களைத்த மனிதர். தொப்பியைக் கழற்றிக் கடலைப் பார்த்தார், கட்டடங்களைப் பார்த்தார், பெஞ்சுகளைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பிறகு சின்னதாக ஒரு சொற்பொழிவு செய்தார். சொக்கலிங்கம் அதைத் தமிழில் சொன்னார்.

"தீவுகளின் முன்னேற்றத்துக்குப் பெரிய இடைஞ்சல் என்னவென்று பல வருஷம் யோசித்தேன் என்கிறார். இங்கே வசிக்கிறவர்கள்தான் என்று இன்றைக்குத் தெளிவாகிவிட்டது என்கிறார். அவர்கள் கண்ணில் படாத இந்த இடத்தில் நின்றால், அவர்களுக்காக நாம் எவ்வளவு செய்திருக்கிறோம் என்று நெஞ்சு நிறைகிறதாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். வசிக்கிறவர்கள்தான் தட்டினார்கள்.

கிளாரா கைதட்டவில்லை. வடகிழக்கில் கடலும் வானமும் சேர்கிற இடத்தில் கோடு அழிந்துபோயிருந்தது. மேகம் இல்லை, மேகத்துக்கு முன்னால் வருகிற அந்த ஈயப் பூச்சு.

தேநீர் வந்தது. தலைவருக்கு வெள்ளைப் படகு மிகவும் பிடித்துப்போயிற்று. இன்னொரு கோப்பை கேட்டார். ஈயப் பூச்சு கறுத்தது. காற்று நின்று, பிறகு வேறு பக்கமிருந்து வீசியது.

"சார்," என்றாள் கிளாரா, சிரிப்பைக் கலைக்காமல், பக்கத்தில் வந்த சொக்கலிங்கத்திடம். "கொடிய இறக்குங்க. கொண்டல் ஏறி வருது."

"தலைவர் இன்னும் பார்த்துட்டிருக்காரும்மா."

"மழையும் காத்துமா வரும் சார். அந்த வாசல் அப்புறம் தெரியாது."

சொக்கலிங்கம் வானத்தைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் மனித முகமாகத்தான் இருந்தது. பிறகு சட்டைப்பைக்குள் இருந்த காலண்டரை வெளியே எடுக்காமலே தொட்டுக்கொண்டார்.

"படத்தில மழை இல்லைம்மா," என்றார், கெஞ்சுவதுபோல.

மிக்கேல் வரமாட்டான். அது அவளுக்குத் தெரியும். கொடி இருக்கிற வரை, பலகை பலகையாகப் பிய்ந்தாலும் வெளியேதான் நிற்பான். படகு என்றால் அவனுக்கு அப்படி. இப்போது கூப்பிட்டால் படகு போகும். கூப்பிடாவிட்டால் அவன். இது கணக்கே இல்லை என்று யாரும் சொல்லலாம். ஆனால் அவள் எழுந்திருக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷத்தில் தனக்குள்ளே எது உட்கார்ந்திருந்தது என்று பிற்பாடு பல நாள் அவள் தன்னையே சந்தேகத்தோடு விசாரித்தாள். படகா, பயமா, அல்லது அத்தனை நாள் பழகிய அந்தச் சிரிப்பேதானா?

எழுந்துவிட்டாள். படித்துறை முனைக்கு ஓடினாள். கை புருவத்துக்குப் போயிற்று. துழாவிக் கண்டுபிடித்தாள். பிறகு சிவப்புக் குடையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கி, கீழே, கீழே, கீழே என்று வீசினாள்.

அவர்கள் ஊரில் கரைவலை இழுக்கும்போது மேட்டில் நிற்கிறவன் துணியை வீசித்தான் படகை நடத்துவான். பக்கவாட்டில் சாய்த்தால் மீன் அந்தப் பக்கம். கீழே வீசினால் போதும், வா. இங்கே வந்த பிறகும் கிளாரா முந்தானையால் அப்படித்தான் அவனை நடத்திவந்தாள். கொடியை நம்பாமல் இருக்கலாம், சர்க்காரை நம்பாமல் இருக்கலாம். அந்த வீச்சை மீறி அவன் ஒருநாளும் நின்றதில்லை.

வெள்ளைப் படகு தயங்கியது. பிறகு மூக்கைத் திருப்பியது.

மழைச்சுவர் பின்னால் துரத்த, பாறைவாசலுக்குள் அது நுழைந்தபோது ஒரு அலை தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்தது. "கயிறு! கயிறு!" என்று கிளாரா கத்தினாள். ஜப்பானிய சுற்றுலாப் பயணி சட்டையோடு தண்ணீரில் குதித்தான். பம்பாய்ச் சீமாட்டி கறுப்புக் கண்ணாடியை எறிந்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். "ஹேய்யோ!" என்று ஹரிபதாவும் வந்து சேர்ந்தான். எல்லாருமாக இழுத்ததில், படகு வெள்ளைப் படிகளில் கிறீச்சென்று தேய்ந்துகொண்டு ஏறியது. மிக்கேல் அதிலிருந்து வாந்தியெடுத்துக்கொண்டே இறங்கினான். கிளாரா அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

கம்பத்தில் கொடி பறந்துகொண்டிருந்தது.

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். கண்ணில் நீர். நனைந்துகொண்டே தட்டினார்.

"அபாரம் என்கிறார்," என்று சொக்கலிங்கம் நடுங்கும் குரலில் மொழிபெயர்த்தார். "இப்படி ஒரு நிகழ்ச்சி இருக்கிறது என்று ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்கிறார். முக்கியமாக அந்த அம்மாள் தேடுவது... அப்படி ஒரு நடிப்பை டெல்லியிலேயே பார்த்ததில்லையாம். ஜப்பானியர்கூடக் கலந்துகொண்டார் என்று குறித்துக்கொள்கிறார்."

கொடி இறங்குமுன் வந்த படகு சர்க்காருக்குப் போயிற்று. அதில் மாற்றம் இல்லை. ஆனால் தலைவருடைய சிபாரிசின் பேரில், படகோடு சேர்த்து மிக்கேலையும் கிளாராவையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 'மீனவர் மனைவி காத்திருத்தல்' என்ற நிகழ்ச்சி, தினமும் சாயங்காலம், மழை நாள் நீங்கலாக. மிக்கேல் படகில் வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். கிளாரா முனையில் நின்று தேட வேண்டும். இருவருக்கும் மாதச் சம்பளம். மீன் பிடிக்க அனுமதி இல்லை. கப்பலில் மெயின்லேண்டிலிருந்து வருகிற டப்பா மீனை அபர்தீன் பஜாரில் வாங்கித் தின்றார்கள். அதை மோந்து பார்த்த ஹரிபதா, இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

உண்மையான பார்வையாளர்களும் வரத் தொடங்கினார்கள். அதிகாரிகளின் மைத்துனர்கள், மைத்துனர்களின் குடும்பங்கள். முதல் சாயங்காலம் பெஞ்சுகள் நிறைந்திருந்தன.

கிளாரா முனையில் போய் நின்றாள். குடை கையில். குளத்துத் தண்ணியாட்டம் அமைதியான கடல். மிக்கேல் எங்கே இருக்கிறான் என்று தெரியும். எப்போது வருவான் என்று தெரியும். வானம் கழுவிவிட்டாற்போல இருந்தது. தேட ஒன்றுமில்லை. முதலில் பச்சை, அப்புறம் நீலம், அதற்கு அப்பால் பெயர் தெரியாத ஒரு நிறம். இது எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டாள். வெயில் இறங்கி, அந்தப் பெயர் தெரியாத நிறத்தின் மேலே மெல்ல உருகிப் பரவியது. யாரும் சொல்லாமலே அவள் முகம் மலர்ந்தது.

"அம்மா!" என்று பின்னாலிருந்து சொக்கலிங்கம் பதறினார். "என்ன பண்றீங்க? ஜனங்க பார்க்கிறாங்க. ரசிக்காதீங்க. தேடுங்க!"

கிளாரா கையைப் புருவத்துக்கு மேலே உயர்த்தினாள். கையின் நிழல் கண்ணை மறைத்துக்கொண்டது. அங்கே கண் என்ன செய்கிறது என்று கரையில் யாருக்கும் தெரியாது.

பாறைவாசலுக்கு வெளியே, தென்பக்கம், தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் சுருங்கி, கறுத்து, கொதிப்பதுபோலச் சிலிர்த்தது. சூரை மீன் கூட்டம். கட்டாயம் சூரைதான். மிக்கேல் தன் காலடிப் பலகைக்குக் கீழே தூண்டில் கயிறு ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறான் என்று அவளுக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம்.

குடையைத் தெற்கே கொஞ்சம் சாய்த்தாள்.

"பிரமாதம்," என்று பெஞ்சில் ஒரு மைத்துனர் முணுமுணுத்தார். "அசலாத் தேடுற மாதிரியே இருக்கு."

வெள்ளைப் படகு மெல்லத் தெற்கே நகர்ந்தது.